சனிக்கிழமை நாடா

மதாம் செலஸ்தீன் பிரம்பால் தரையை மூன்றாவது முறை தட்டி "மடக்கு" என்றபோது, பாலே பயிலக் கம்பியைப் பிடித்து நின்ற ஒன்பது பெண்களும் முழங்காலை மடக்கினார்கள், கண்ணாடியில் ஒருத்தி மட்டும் மடக்கினாள். அவள் பின்வரிசை மேகலா. அவளை மறைத்து நிற்க வேண்டிய எட்டுப் பேரும் கண்ணாடியில் இல்லாததால் இரண்டு வருடங்களில் முதல் தடவையாக அவள் தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிந்தாள். தெரிந்ததும் வெட்கப்பட்டு, கம்பியை விட்டுவிட்டு, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மற்றவர்கள் எங்கே?" என்று மதாம் கண்ணாடியைக் கேட்டாள்.

"இங்கதான் மதாம் நிக்கிறோம்" என்றன எட்டுக் குரல்கள்.

"நின்றால் தெரிய வேண்டும்."

மதாம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளிடம் இல்லை. பிள்ளையைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும், கண்ணாடியைப் பார்த்தால் பிழை மட்டும் தெரியும் என்று பிரான்சின் மார்செய் நகரத்தில் அவளுடைய ஆசிரியை சொல்லிக்கொடுத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவோடு ஆறு வயதில் கப்பலேறிப் போய், அங்கே ஒரு பாலே குழுவின் மூன்றாம் வரிசையில் பத்து வருடம் ஆடிவிட்டு, இருபத்தேழு வயதில் ஒரு பெட்டியும் ஒரு பிரம்பும் ஒரு பட்டு நாடாவுமாகக் காரைக்காலுக்குத் திரும்பி வந்து, அரசலாற்றங்கரையில் பழைய சுங்கக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, நொடித்துப்போன ஒரு ஓட்டலிலிருந்து பன்னிரண்டு அடி அகலக் கண்ணாடியை எட்டுப் பேரைவிட்டுத் தூக்கிவரச் செய்து சுவரில் மாட்டிய நாளிலிருந்து, முப்பத்தொரு வருடங்களாக அவள் மாணவிகள் எல்லோரையும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது. இடது வலது மாறியிருக்கும்.

அந்த எட்டுப் பெண்களைப் போலவே தானும் கண்ணாடியில் இல்லை என்பதை அன்றைக்கு மதாம் கவனித்தாள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அன்று சனிக்கிழமை, நாடா நாள், வேலை இருந்தது.

நாடா இருபத்திரண்டு அங்குலம் என்பது மதாமின் கணக்கு. ஒருகாலத்தில் ரோஜா நிறமாக இருந்து, இப்போது பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதாம் அதை முதலில் தன் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடுவதை எல்லோருக்கும் காட்டுவாள். பிறகு ஒவ்வொரு பெண்ணாக வரவேண்டும். முனைகள் தொட்டால் முன்வரிசை, தொடாவிட்டால் பின்வரிசை. எல்லாம் முடிந்ததும் நாடாவைச் சீயக்காய் போட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுச் சுருட்டி வைப்பாள். இதனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து பெண்கள் யாரும் எதையும் சாப்பிடுவதில்லை, மற்ற நாட்களிலும் அரைவயிறுதான். மேகலாவுக்கு மட்டும் எப்போதும் நாலு விரல்கடை இடைவெளி விழுந்ததால், பட்டினி கிடந்தும் பயனில்லை என்று அன்றைக்குக் காலையில் பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை கண்ணாடிக்கடை சுல்தான் மரைக்காயர் வந்து பார்த்தார். வீட்டில் நன்றாகப் பசியாறிவிட்டு வந்தவர் ஆகையால் கண்ணாடி அவரைத் தொப்பியோடும் மீசையோடும் பொத்தான் விட்டுப்போன சட்டையோடும் காட்டியது.

"சரக்குல ஒரு குறையும் இல்ல மதாம். பிரான்சுச் சரக்கு. இந்த மாதிரி ரசம் பூச இப்ப ஆளே கெடயாது."

"அப்படியானால் நான் ஏன் தெரியவில்லை?"

மரைக்காயர் மதாமைப் பார்த்தார், மதாம் இருந்த இடத்தில் கண்ணாடி காட்டிய சுவரைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் ஓரமா நிக்கிறீங்களோ என்னமோ" என்றார்.

பின்பலகையைக் கழற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மத்தியானம் ஒன்றரை மணிவாக்கில் தொப்பி மங்கத் தொடங்கியது. பிறகு மீசை போயிற்று. தொப்பி போனதைப் பொறுத்துக்கொண்ட மரைக்காயர் மீசை போனதும் சுத்தியலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டு வந்து நின்றார், மீசை திரும்பியிருந்தது. நிதானமான வியாபாரி என்பதால் மறுநாளும் வெறும் வயிற்றோடு வந்து ஒரு வாழைப்பழம் தின்று பார்த்தார், முழங்கை மட்டும் தெரிந்தது. உப்புமா தின்று பார்த்தார், ஆள் முழுசாக வந்தாலும் சாயம் போன மாதிரி வந்தார்.

"சாப்பிட்டாக் காட்டுது, பசியோட நின்னாக் காட்ட மாட்டேங்குது. அவ்வளவுதான் மதாம் விஷயம்" என்று சொல்லிவிட்டுப் பின்பலகையைத் திருப்பி மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிவரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டார்கள்.

முதலில் தாய்மார்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிய சோற்றைப் பிள்ளை தின்றதா காக்கைக்குப் போட்டதா என்று கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்து, கண்ணாடியில் தெரியாத பிள்ளையின் முதுகில் ஒரு அடி வைத்து இழுத்துப்போனார்கள். நோன்பு மாதம் பிறந்ததும் சிறுவர்கள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து கூட்டமாக வந்து, தாங்கள் தெரியவில்லை என்பதை ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள், அவர்களில் ஒருவன் மட்டும் மங்கலாகத் தெரிய, அவன் எச்சில் விழுங்கியதாகச் சத்தியம் செய்தான். நிரவியிலிருந்து ஒருவர் கட்டிக்கொடுத்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே மகளின் மாமியார், எங்க வீட்டுல தின்னத்தான் பொழுது சரியா இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் இரண்டு பாதங்களும் மெட்டிகளும் மட்டும் தெரிந்தன. அப்பா அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு, மகளை மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டுத் தெரு மாமியார்கள் வாரம் ஒருமுறை மருமகள்களை வரிசையாக அழைத்துவந்து, பாருங்க, கொண்டைவரைக்கும் தெரியுது என்று போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

மீன் அங்காடிக்குக் கூரை வேண்டும் என்று மூன்று நாளாக உண்ணாவிரதம் இருந்த கவுன்சிலர் தட்சிணாமூர்த்தியும், தன் பட்டினியைக் கண்ணாடியே சாட்சி சொல்லட்டும் என்று ஐம்பது பேர் புடைசூழ வந்து நின்றார். ஐம்பது பேரில் பாதிப்பேர் சரியாகத் தெரியவில்லை. கவுன்சிலர் தெரிந்தார். கன்னத்து மினுமினுப்பும், உதட்டோரம் ஒட்டியிருந்த ரவையும் தெரிந்தன.

"கேசரியா தலைவரே?" என்று கூட்டத்தில் மீன் கூடையோடு நின்ற சிந்தாமணி கேட்டாள்.

பதினைந்து நாளில் அங்காடிக்குக் கூரை போட்டாகிவிட்டது.

சிந்தாமணி மேகலாவின் அம்மா. அங்காடியில் வஞ்சிரத்தைக் கையில் தூக்கியே எடை சொல்லக்கூடியவள். மகள் எதற்காக ஆற்றங்கரைக் கிடங்கில் போய்க் கட்டைவிரலில் நிற்கிறாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் மகள் குதிப்பதை ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், அதற்குப்பிறகு விளக்கம் கேட்கவில்லை. மேகலா குதித்து இறங்கும்போது ஓட்டுக்கூரையிலிருந்து தூசி உதிரும் என்பது உண்மைதான். ஆனால் அவள் மேலே இருக்கிற நேரத்துக்குள், முன்வரிசையில் முதலாவதாக நிற்கிற பெண் 'ஐரின் மரி தெரேஸ் அருளப்பன்' என்று தன் பெயர் முழுவதையும் நிதானமாகச் சொல்லிவிடலாம். சொல்லியும் பார்த்திருக்கிறாள். ஐரின் குதிக்கும்போது மேகலா 'மேகலா' என்று சொல்லி முடிப்பதே கஷ்டம்.

மதாமுக்கு இது தெரியாது, ஏனென்றால் பின்வரிசையை எப்போதும் முன்வரிசை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது முன்வரிசை மறைந்துவிட்டது. ஆனாலும் நாடா எட்டியவர்கள் முன்னால்தான் நிற்க வேண்டும், எட்டியவர்களைக் கண்ணாடி காட்டாது, ஆகவே மதாம் மேகலாவை விட்டுவிட்டு, கண்ணாடியில் ஆளில்லாத முன்வரிசையைப் பார்த்து "ஐரின், கழுத்து" என்றும் "இரண்டாவது பெண், முழங்கை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐரின் கழுத்தை நிமிர்த்தினாளா என்று அறிய வழி இல்லை. ஐரின் நிமிர்த்தவில்லை. கொஞ்ச நாளில் முன்வரிசைப் பெண்கள் கம்பிக்கடியில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

மார்செய்யிலிருந்து கடிதம் வந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே உள்ள ஒரு நாட்டியப் பள்ளியிலிருந்து முசே துபுவா என்ற தேர்வாளர் வருகிறார், ஒரே ஒரு பெண்ணைப் பார்ப்பார், பிடித்திருந்தால் நாலு வருடப் படிப்பும் தங்குமிடமும் இலவசம். பெயரையும் அளவுகளையும் படிவத்தில் நிரப்பி வைக்கவேண்டும். இடுப்பு: ஐம்பத்தாறு சென்டிமீட்டர், அதாவது நாடாவின் அதே இருபத்திரண்டு அங்குலம்.

இதைக் கேட்ட அன்றைக்கு மேகலா வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். சிந்தாமணி நேராகக் கிடங்குக்கு வந்தாள்.

"மதாம், எம் பொண்ணு பேர எழுதுவீங்களா மாட்டீங்களா?"

"நாடா எட்டினால் எழுதுவேன்."

"நாலு விரக்கட கெடக்கு. மீனா இருந்தா செதுக்கலாம். பொண்ணச் செதுக்க முடியுமா?"

"என்னைச் செதுக்கினார்கள்" என்றாள் மதாம். ஜெபப் புத்தகத்தில் படித்த தமிழில்தான் அவளுக்குப் பேச வரும், அதனால் அவள் எதைச் சொன்னாலும் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பது போலவே இருக்கும். "பதினோரு வயதில் இந்த நாடாவைக் கட்டினார்கள். இன்றைக்கும் எட்டுகிறது."

சிந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அங்காடியில் ஒரு பார்வையில் எடை சொல்கிற பார்வை அது. "கடைசியா வயிறாரச் சாப்பிட்டது எப்ப மதாம்?" என்று கேட்டாள்.

மதாம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "கப்பலில்" என்றாள். "போகும்போது."

மேகலா பிடிவாதமாகப் பட்டினி கிடந்தாள். இரண்டாம் நாள் கண்ணாடியில் தலை போயிற்று, மூன்றாம் நாள் கைகள் போயின, நாலாம் நாள் வகுப்பில் பன்னிரண்டு அடி அகலத்துக்கும் எதிர்ச்சுவரும் அதிலிருந்த ஆணியும் மட்டும் தெரிந்தன. மதாம் அந்த ஆணியைப் பார்த்து "குதி" என்றாள். மேகலா குதித்தாள். ஐரின் பழக்கதோஷத்தில் தன் பெயரைச் சொல்லத் தொடங்கி, 'ஐரின் மரி' என்பதற்குள் காலடிச் சத்தம் கேட்கவே வாயை மூடிக்கொண்டாள். கூரையிலிருந்து தூசிகூட விழவில்லை. சனிக்கிழமை நாடா கட்டிப் பார்த்தபோது இன்னும் இரண்டு விரல்கடை பாக்கி இருந்தது.

"இப்பப் பெரிய கஷ்டம் மேகலா" என்று ஐரின் அவள் காதில் சொன்னாள். "உன்னால குதிக்கவும் முடியல, நாடாவும் எட்டல. எனக்காவது குதிக்க மட்டுந்தான் வராது."

முசே துபுவா செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஆறடி உயரம், கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. விமானத்தில் கொடுத்ததைச் சாப்பிடவில்லை, காரில் வாங்கிக்கொடுத்ததைச் சாப்பிடவில்லை, பால் இல்லாத காப்பியிலும் சிகரெட்டிலும் உயிர்வாழ்கிறவர். அவர் வருகிறார் என்று ஊரில் பாதி கிடங்கின் ஜன்னல்களில் நின்றது. அவர் கோட்டைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் யாரும் இல்லை. இன்னும் கிட்டே போனார். மூச்சு விட்டார், மூச்சின் புகைகூடப் படியவில்லை.

ஜன்னலில் நின்றவர்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"ஐயோ பாவம்" என்றாள் சிந்தாமணி. "அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வெறும் வயித்தோட அனுப்பிச்சிருக்காங்க."

அவள் கையில் ஐந்து அடுக்கு டிபன் கேரியர் இருந்தது. மகளுக்கு வாயைப் பிளந்தாவது ஊட்டிவிடுவது என்று கொண்டுவந்தது. அதன் கொக்கி உடைந்து வருடக்கணக்கானதால் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். இப்போது அவசரத்தில் இழுத்ததில் டியூப் அறுந்துபோயிற்று. வாழையிலையை மூலையிலிருந்த மதாமின் பியானோ மேல் விரித்து, சோறு வைத்து, வஞ்சிரக் குழம்பை ஊற்றி, முசேயைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். முசே பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"வேண்டாம் என்கிறார்" என்றாள் மதாம்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. மொகத்தப் பாருங்க மதாம், கண்ணாடி பாக்கலியேன்னு எப்படி வாடிப்போயிருக்கு."

முசே துபுவா முதல் கவளத்துக்கு இருமினார், இரண்டாவதுக்கு வியர்த்தார், மூன்றாவதுக்குக் கோட்டைக் கழற்றினார். கண்ணாடியில் முதலில் சிவப்பு டை வந்தது, பிறகு அதில் சொட்டியிருந்த குழம்பு வந்தது, பிறகு மெதுவாக அவர் வந்தார். அவர் சாப்பிடுவதை நிறுத்தித் தன்னையே பார்த்தார், பிறகு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். மற்ற அடுக்குகளும் திறந்தன. ஒன்பது பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். மேகலாவின் முன்னால் சிந்தாமணி இலையை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள், மேகலா அம்மாவையும் மதாமையும் மாறிமாறிப் பார்த்தாள், மதாம் தடுக்காததால் சாப்பிடத் தொடங்கினாள். சாப்பிட்டது செரிக்க எல்லோரும் முக்கால்மணி நேரம் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் முசே படிவத்தையும், தன் பெட்டியிலிருந்து ஐம்பத்தாறு சென்டிமீட்டர் நாடா ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ரோஜா நிறம், புத்தம் புதிது. மதாம் தன் நாடாவை எடுத்துவந்து அதன் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

மதாமின் நாடா மூன்று விரல்கடை குட்டையாக இருந்தது.

மதாம் இரண்டையும் இழுத்துவிட்டுப் பார்த்தாள். திருப்பிப்போட்டுப் பார்த்தாள். குனிந்து முனைகளை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"பட்டா மதாம்?" என்று சிந்தாமணி கேட்டாள். "தோய்ப்பீங்களா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"இஸ்திரி?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"எத்தினி வருஷமா?"

"முப்பத்தொரு வருடமாக."

"இம்புட்டாவது மிஞ்சியிருக்கே" என்றாள் சிந்தாமணி.

ஜன்னலில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். நாடா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நூலிழை சுருங்கியதும், மதாம் அதோடு கூடவே ஒரு நூலிழை சுருங்கியதும், முப்பத்தொரு வருடத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை சோற்றைத் தொடாமல் அதன் பின்னாலேயே ஓடியதும் அந்த மேஜையின்மேல் நீளவாக்கில் கிடந்தன. மதாம் பிரம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முசேயின் நாடாவை எடுத்து மேகலாவின் இடுப்பில் சுற்றினாள். சாப்பிட்ட இடுப்பு. ஒரு விரல்கடை எட்டவில்லை.

"நோன்" என்று தலையை ஆட்டி மறுத்தார் முசே துபுவா, கொஞ்சம் வருத்தத்தோடு.

மேகலா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சிந்தாமணி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

மதாம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மதாம் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒருத்தியிடம் "நீ யார்?" என்றாள்.

"ஐரின், மதாம்."

"உன் மச்சம் அந்தப் பக்கம் அல்லவா இருந்தது" என்றாள் மதாம். பிறகு மேகலாவைப் பார்த்து, "குதி" என்றாள்.

மேகலா மூன்று எட்டு ஓடிக் குதித்தாள். ஐரின் மரி தெரேஸ் அருளப்பன் என்று ஐரின் சொன்னாள், சொல்லி முடித்து மேலே பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, மரி வரைக்கும் வந்தபோது மேகலா இறங்கினாள், கூரையில் மூன்று ஓடுகள் இடம் மாறின, முசேயின் வெள்ளைச் சட்டை முழுவதும் தூசி படிந்தது. மதாம் இரண்டு கண்ணாலும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரக்கம் ஏதும் வரவில்லை. "இடது குதிகால் முந்துகிறது" என்றாள். "மற்றபடி சரி."

மேஜைக்குப் போய்ப் படிவத்தில் பெயரை எழுதினாள். இடுப்பு என்ற இடத்தில் ஒரு எண்ணை எழுதி, கையெழுத்திட்டு நீட்டினாள். முசே துபுவா படித்தார்.

"மதாம், விதி ஐம்பத்தாறு" என்றார் பிரெஞ்சில்.

"தெரியும்" என்றாள் மதாம் அதே பிரெஞ்சில். "நான் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன்."

முசே பேனாவைக் கையில் எடுத்தார். மேகலாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணாடியில் டையில் குழம்புக் கறையோடும் தலையில் ஓட்டுத் தூசியோடும் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். "இந்தக் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று மதாமிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜன்னல்களில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மேகலாவை ஐரின் தூக்கப் பார்த்தாள், முடியாமல் இருவரும் விழுந்தார்கள். மரைக்காயர் முசேயின் கையைப் பிடித்துக் குலுக்கிக் கண்ணாடியின் ரசத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார், கவுன்சிலர் தட்சிணாமூர்த்தி வழியனுப்பு விழாவுக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தார்.

இந்த இரைச்சலில் பியானோவின் அந்தப்பக்கம் சிந்தாமணி கடைசி அடுக்கில் மிஞ்சியிருந்த சோற்றைக் குழம்பில் பிசைந்து மதாமின் கையில் கொடுத்தாள். மதாம் நின்றபடியே சாப்பிட்டாள், முள்ளை எடுக்கத் தெரியாமல் சிந்தாமணி எடுத்துக்கொடுக்கச் சாப்பிட்டாள், அடுக்கின் அடியை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். சிந்தாமணி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, அறுந்த டியூப்பைத் தேடி அங்கும் இங்கும் பார்த்தாள். மதாம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய், குட்டையாக இருந்த நாடாவை எடுத்து வந்து, சிந்தாமணி கேரியரை அசையாமல் பிடித்துக்கொள்ள, கைப்பிடிக்குள் விட்டுச் சுற்றிக் கட்டினாள். கண்ணாடியில் இரண்டு பெண்கள் குனிந்து ஒரு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.